பென்சிலின் மேல் ஓட்டிய பேனா

ஓய்வு பெற்ற அரசு ஊழியனைத் தேடி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தால், ஒன்று கல்யாணப் பத்திரிகை, இல்லாவிட்டால் தணிக்கைக் குறிப்பு. என் விஷயத்தில் இரண்டும் இல்லை. என் கையெழுத்தைத் தேடி வந்தார்கள்.

"சூசை அண்ணா, பழைய கேஸ் ஷீட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லீட்டாங்க. டாக்டருங்க எழுதுனது எறும்பு மைக்குள்ள உழுந்து நடந்த மாதிரி இருக்குது. நீங்க எழுதுனது மட்டுந்தான் அச்சடிச்ச மாதிரி இருக்குது, அதை ஏத்தீட்டோம். மிச்சத்தை ஒரு வாரம் வந்து படிச்சுக் குடுங்கண்ணா" என்றாள் கலைவாணி. நான் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் செவிலியர்.

நாமக்கல் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் ஆண் செவிலியனாக இருபத்தாறு வருடம் இருந்தவன் நான். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள், திமிறுகிறவரை வலிக்காமல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், பதிவேட்டைச் சுத்தமாக வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் இரண்டிலும் சுமாரான மாணவன். மூன்றாவதில் தங்கம். அந்தத் தங்கம் செய்த வேலையைத்தான் சொல்லப்போகிறேன்.

போனேன். கலைவாணி திரையைக் காட்டினாள். பெயர், வயது, ஊர், அதற்கடுத்து நோய்ப்பெயர் என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் கணினி அடுத்த பக்கத்துக்கு விடாது. "இன்னும் தெரியவில்லை" என்று போட இடமில்லை. சொடுக்கினால் ஒரு நீளப் பட்டியல் தொங்கும், அதில் ஒன்றைப் பொறுக்க வேண்டும். நோயாளிக்கு என்னவென்று மருத்துவருக்குத் தெரியாமல் இருக்கலாமாம், கட்டத்துக்குத் தெரிந்தே ஆக வேண்டுமாம்.

எரிச்சலாக இருந்தது. எரிச்சல்படுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்பது அதைவிட எரிச்சல்.

எங்கள் பிரிவில் நோயாளிகளுக்குப் பெயர் இருந்ததில்லை. காலையில் வரிசையை எட்டிப் பார்த்துவிட்டு, "நாலு சிசோ, ரெண்டு பைபோலார், ஒரு டிப்ரஷன்" என்று உள்ளே குரல் கொடுப்பேன், ஓட்டலில் "ரெண்டு ரோஸ்ட், ஒரு ஊத்தப்பம்" என்று சொல்வது போல. மற்ற பிரிவுகளில் இன்னும் மோசம். எங்கள் நோயாளி ஒருவர், நாங்கள் கொடுத்த சிகிச்சை நோட்டோடு, பல்வலி என்று போனால், "மனநலப் பிரிவு நோட்டா? வலி நெஜமாவே இருக்குதா?" என்று கேட்டு எங்களிடமே திருப்பி அனுப்புவார்கள். பல்லைப் பார்த்தால் தெரிந்துவிடும். நோட்டைப் பார்த்தே முடித்துக்கொள்வார்கள்.

பெயரே வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். வாழப்பாடியிலிருந்து ஒருவர் வருவார். மகனுக்குச் செய்வினை என்று நம்பி ஆறு வருடம் கோழி அறுத்தவர். "இதற்கு இன்ன பெயர், இன்ன மாத்திரை, யாரும் எதுவும் வைக்கவில்லை" என்று சொன்ன அன்று, பக்கத்து வீட்டுக்காரரோடு மறுபடி பேச ஆரம்பித்தார். மகனும் தேறினான். சரியான பெயருக்கு அந்த வலு உண்டு. இதைப் படித்துவிட்டு மாத்திரையைச் சாக்கடையில் கொட்டப் போகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும். என் புகார் பெயர் மீது இல்லை, அது காய்வதற்குள் கெட்டியாக்கிவிடுகிறவர்கள் மீது. அதில் முதல் ஆள் நான்.

என் அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருத்துவர் மெஹருன்னிசா. சேலத்தில் துணிக்கடைக் குடும்பம். வெள்ளைக் கோட்டின் மேல் பையில் பேனா ஒன்று, பின்புறம் ரப்பர் வைத்த பென்சில் ஒன்று. ஊசித் தட்டில் பென்சில் சீவுகிற ஒரே மருத்துவரை நான் பார்த்தது அங்கேதான். நோயாளி பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவர் அவசரப்படுத்த மாட்டார், பென்சிலைச் சீவுவார். சுருள் சுருளாகத் தட்டில் விழும். மூன்றாவது சுருளுக்குள் பெரும்பாலும் யாராவது பேசிவிடுவார்கள். பேசாவிட்டால் முனையை ஊதிவிட்டு, "எந்த பஸ்ல வந்தீங்க? ஒக்கார எடம் கெடச்சுதா?" என்பார். அவருடைய விசாரணை பெரும்பாலும் பேருந்தில்தான் ஆரம்பமாகும்.

எழுதுவதிலும் ஒரு முறை வைத்திருந்தார். மாத்திரையும் அளவும் பேனாவில், ஏனென்றால் மருந்துக் கவுண்டரில் பிழை கூடாது. நோய்ப்பெயர் பென்சிலில். அடுத்த முறை கேட்க வேண்டியதெல்லாம் ஓரத்தில், அதுவும் பென்சிலில். ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, பேருக்கு மட்டும் பென்சிலு?"

"எங்க கடையில துணியை வெட்டுறதுக்கு முன்னாடி மாஸ்டர் சாக்பீஸ்லதான் கோடு போடுவாரு. போட்டுப் பார்த்து, தட்டி, மறுபடி போடுவாரு. மையில போட்டா துணி வீணாப் போயிடும் சூசை" என்றார். பிறகு பென்சிலைப் பார்த்துக்கொண்டே, "அதுவும் இல்லாம, பேனாவுல எழுதிட்டேன்னா அடுத்த வாரம் நானே அதை நம்ப ஆரம்பிச்சுடுவேன்" என்றார்.

நல்ல வசனம் என்று நினைத்துக்கொண்டேன். புத்தகம் படிக்கிறவனுக்கு இது ஒரு வியாதி. நல்ல வாக்கியத்தைக் கேட்டால் ரசிப்பான், கடைப்பிடிக்க மாட்டான்.

அவர் மாற்றலாகிப் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஜெயமணி வந்தாள். ஜேடர்பாளையத்துப் பக்கம். இருபத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. கூட வந்த கணவன் செங்கோடன் லாரி ஓட்டுநர்.

"என்ன பண்ணுது?" என்று கேட்டால், பதிலைச் செங்கோடன்தான் சொன்னார்.

"லைனர் கருகற வாசம் அடிக்குதுங்கறாளுங்க. மொதல்ல வண்டியில கூட்டியாரப்ப சொன்னா. நானும் பிரேக் லைனர்தான் புடிச்சுக்கிச்சாட்டன்னு ஓரங்கட்டி நாலு சக்கரத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேனுங்க. பச்சத் தண்ணியாட்டம் இருக்குது. அப்படியே அஞ்சு தடவைங்க. அப்பறம் ஊட்டுல ஒக்காந்துக்கிட்டும் லைனர் கருகுதுங்கறா. ஊட்டுக்கு ஏதுங்க லைனரு?"

"இவரு வண்டியப் பத்தி ஒண்ணு சொல்லீட்டா போதுங்க, பொண்டாட்டிய உட்டுப்போட்டுச் சக்கரத்தத் தடவுவாரு" என்றாள் ஜெயமணி. மெஹருன்னிசா அம்மா சிரித்துவிட்டார்.

வாசம் வந்தால் சில சமயம் யாரோ கூப்பிடுவது போலவும் இருக்கும் என்றாள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நினைவில்லை என்றாள். அம்மா பென்சிலை எடுத்து மேலே "மனச்சிதைவு" என்று எழுதினார். ஓரத்தில் ஏதோ இரண்டு வரி. கொஞ்சமாக மாத்திரை. பிறகு செங்கோடனிடம், "வண்டிக்கு டிரிப் ஷீட் எழுதுவீங்கல்ல? அதே மாதிரி இதுக்கும் எழுதுங்க. எப்ப வாசம் வருது, எவ்வளவு நேரம், அப்ப என்ன பண்றாங்க, அப்பறம் என்ன பண்றாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் நான் முடிவு பண்ணுவேன். இது சும்மா பென்சில்தான்" என்று ஷீட்டையே திருப்பிக் காட்டினார்.

அவர்கள் அடுத்த முறை வந்தபோது அம்மா மாற்றலாகிப் போயிருந்தார்.

அந்த இடைவெளியில் ஆய்வு வருகிறது என்று அறிவித்தார்கள். அரசு ஆவணத்தில் பென்சில் இருக்கக் கூடாது என்று விதி. அலமாரி நிறையப் பென்சில். நான் இரண்டு கறுப்புப் பேனாவும் ஒரு ரப்பரும் வாங்கினேன். ஒரு வாரம், மதியச் சாப்பாட்டைக் கூடச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வொரு ஷீட்டிலும் பென்சில் பெயரின் மேல் அச்சுப் போலப் பேனாவை ஓட்டினேன். ஓரக் குறிப்புகளுக்குக் கட்டமே கிடையாது, அசிங்கமாக இருந்தது. அவற்றை ரப்பர் போட்டு அழித்தேன். தூளைக் கூட ஊதித் துடைத்தேன்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரு ஷீட்டைத் தூக்கிப் பிடித்து, "இதைப் பார்த்தா வாசிக்கணும்போல இருக்குதய்யா" என்றார். வீட்டுக்கு வந்து மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "மளிகை லிஸ்ட்ட மட்டும் கோழி கெளறுன மாதிரி எழுதுறீங்க" என்றாள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே துறைசார்ந்த பாராட்டு அதிகாரியுடையதுதான்.

புதிதாக வந்தவர் இளம் மருத்துவர். வாரத்தில் மூன்று நாள் இங்கே, மூன்று நாள் இன்னோர் ஊர். வெளியே வரிசை கேட்டைத் தாண்டி நிற்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஷீட்டில் முத்து முத்தான எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறது, அதன் கீழ் ஒரு பெண், இல்லாத வாசம் அடிக்கிறது என்கிறாள். யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? மாத்திரையைக் கூட்டினார். வாசம் கூடியது. வாசம் கூடியதால் மாத்திரையைக் கூட்டினார்.

செங்கோடன் அந்த முதல் மாதமே ஒரு தாளை நீட்டினார். டிரிப் ஷீட்டின் முதுகில் தேதி, மணி, நிமிடம் எல்லாம் போட்டு எழுதியது. அதை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்தது நான்தான். "ஏங்க, நோயாளி சொல்றதையெல்லாம் இங்க படிச்சுக்கிட்டிருந்தா மத்தவங்க எப்ப வீடு போறது? மாத்திரைய ஒழுங்காக் குடுங்க, போதும்" என்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வரிசையில் நிற்கும்போதே ஜெயமணிக்கு அது வருவதை நானே பார்த்திருக்கிறேன். "லைனரு" என்பாள். கண் ஒரே இடத்தில் நிற்கும். உதட்டைச் சப்புக் கொட்டுவாள். விரல்கள் சேலைத் தலைப்பைப் பிய்ப்பது போல நோண்டும். அரை நிமிடம். பிறகு தூக்கம் சொக்க பெஞ்சில் சாய்ந்துவிடுவாள். மனநலச் செவிலியத்தில் பயிற்சி பெற்ற நான் இதைப் பார்த்து என்ன நினைத்தேன்? "ஷீட்டில் இருப்பது சரிதான்" என்று நினைத்தேன். ஷீட்டில் இருந்தது என் கையெழுத்து.

இரண்டு வருடம் போனது. ஒருநாள் அடுப்பில் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் அது வந்துவிட்டது. வலது கை முழங்கை வரை வெந்துபோனது. காயத்துக்கு மருந்து போட்ட இடத்தில் எங்கள் நோட்டைப் பார்த்துவிட்டு, "மனநோயாளி, தானே விட்டுக்கொண்ட காயம்" என்று எழுதினார்கள். அந்த வரி வீட்டுக்குப் போனது. அன்றிலிருந்து மாமியார் குழந்தையை அவளிடம் கொடுப்பதில்லை. மூன்று வயதுப் பிள்ளை அம்மாவைக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்க்க வேண்டும்.

கட்டுப் போட்ட கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு வந்த செங்கோடன், மருத்துவர் அறைக்குப் போகாமல் நேரே என் மேசைக்கு வந்து, அங்கே எடுத்து வைத்திருந்த அவள் ஷீட்டைக் காட்டினார்.

"சார், அந்தம்மா பென்சில்லதானுங்க எழுதுனாங்க. எனக்குக் காட்டுனாங்க. இது பேனாவுல இருக்குது. பென்சிலு எங்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயமணி சொன்னாள்: "ஏனுங்க சார், உங்க கையெழுத்து நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மட்டும் அது நல்லதே பண்ணலீங்க. எம்புள்ளயத் தூக்கி மூணு வாரமாச்சு."

ஷீட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், அழித்த பென்சிலின் பள்ளம் தெரியும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனின் விடைத்தாளில் பழகிய வித்தை. ஓரத்தில் எழுத்து மெல்ல எழுந்து வந்தது: "வாசம் வலிப்பாக இருக்கலாம். கணவர் குறிப்பு வந்ததும் பார்க்க. அதுவரை பெயர் வெறும் ஊகம்."

இருபத்தாறு வருடப் பணியில் நான் படித்த மிகத் தெளிவான வரி அதுதான். ரப்பரால் நானே அழித்தது.

இளம் மருத்துவரிடம் தாளைக் கொண்டுபோய்ச் சாய்த்துக் காட்டினேன். "இதை யார் அழிச்சது?" என்றார். "நான்தான் சார்." திட்டியிருந்தால் தேவலாம். செங்கோடனிடம் திரும்பி, "அந்தக் குறிப்பு இருக்கா?" என்றார். ஓட்டுநர் மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு வருடத்து டிரிப் ஷீட்டின் முதுகுகள். வண்டியில் இருந்த நாட்களில் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். வெளியே வரிசை சத்தம் போட்டது. மருத்துவர் கடைசித் தாள் வரை படித்தார்.

நரம்பியல் பார்க்கும் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தோம். இரண்டாம் நாளே திரும்பி வந்தார்கள். கடிதத்தின் முதல் வரியில், பழக்க தோஷத்தில், பழைய பெயரை எழுதியிருந்தோம். அங்கே முன்மேசையில் இருந்தவர் இரண்டாம் வரிக்குப் போகவே இல்லை. "மெண்டல் கேஸுங்களா? உங்க டாக்டர்கிட்டயே காட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்.

வெட்கத்தை விட்டு மெஹருன்னிசா அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் பென்சில் சீவுகிறாரோ என்று தோன்றியது.

"சூசை, மையில கோடு போட்டா துணி என்னாகும்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்கம்மா."

"அந்தப் பேரைக் கடிதத்துலேர்ந்து எடுக்கச் சொல்லுங்க. பார்த்தது என்ன, குடுத்த மாத்திரை என்ன, அது மட்டும் இருக்கட்டும். எதையும் மறைக்க வேணாம். எதையும் முடிவு பண்ணவும் வேணாம்."

புதுக் கடிதத்தில் வாசம், அரை நிமிடம், சப்புக் கொட்டுவது, தலைப்பை நோண்டுவது, தூக்கம், இரண்டு வருட மாத்திரைகளின் பட்டியல் எல்லாம் இருந்தன. நோய்ப்பெயர் இல்லை. அந்தக் கடிதத்தோடு போனபோது முன்மேசைக்காரரால் அவளை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் மருத்துவரிடமே அனுப்பினார்.

தலையில் ஒயர் மாட்டி எடுத்த பரிசோதனைத் தாள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லையாம். லாரிக்காரரின் தாள்கள் சொல்லிவிட்டன. மூளையில் ஓரிடத்திலிருந்து கிளம்பும் வலிப்பு. வலிப்பு மாத்திரை ஆரம்பித்து, பழைய மாத்திரைகளை மருத்துவர்கள் கலந்து பேசிப் படிப்படியாகக் குறைத்தார்கள். அவற்றில் சில, வலிப்பு உள்ளவர்களுக்கு அதைக் கிளப்பிவிடக் கூடியவையாம். வாசம் முதலில் மாதம் ஒன்றாகி, பிறகு நின்றது. மாமியாரிடம் கடிதத்தைப் படித்துக் காட்ட நானே ஜேடர்பாளையம் போனேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப முன்னால எழுதுனது ஆருங்க?" என்றார். பதில் சொன்னேன். காப்பி வரவில்லை. குழந்தை மட்டும் கதவைத் தாண்டி வந்தது.

அங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். புதிய ஷீட் போட்டோம், அதில் வலிப்பு என்று மருத்துவர் தன் கையாலேயே எழுதினார். பழைய ஷீட்டைத் தூக்கி எறிய விதியில்லை, அலமாரியிலேயே இருந்தது. நான் ஓய்வு பெற்றேன். கணினி வந்தது. இரண்டு ஷீட்டில் எதை ஏற்றுவது என்று வந்தபோது, தெளிவாகப் படிக்க முடிந்ததை ஏற்றினார்கள்.

போன மாதம் ஜெயமணி வயிற்று வலி என்று அதே மருத்துவமனையின் வேறொரு பிரிவுக்குப் போயிருக்கிறாள். அங்கே கணினியில் நோயாளி எண்ணைத் தட்டியவுடன் திரையில் சிவப்பில் அந்தப் பழைய நோய்ப்பெயர். வயிற்றில் கை வைப்பதற்கு முன்பே, "மாத்திரைய ஒழுங்காப் போடறியா?" என்று கேட்டார்களாம். பித்தப்பையில் கல் என்று வெளியே காசு கொடுத்துப் பார்த்துத்தான் தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குத் தேதி கேட்டால், மனநலப் பிரிவிடம் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். அதற்காகத்தான், நான் படித்துக் கொடுத்த அந்த வாரத்தில் ஒருநாள், எங்கள் பிரிவுக்கு வந்திருந்தாள். நான் அலமாரியோடு உட்கார்ந்திருந்தேன்.

"அட, சாருங்களா! இன்னும் எழுதறதை உடலீங்களா?"

கலைவாணிக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் பட்டியலைத் தேடினாள். பழைய பதிவை நீக்க வழியே இல்லை. திருத்த விண்ணப்பம் என்று ஒன்று மட்டும் இருந்தது. நோயாளி கையெழுத்து, மருத்துவர் கையெழுத்து, கடைசியில் ஒரு கட்டம்: பிழையான பதிவைச் செய்தவர், பிழைக்கான காரணம். பேனாவால் மட்டும் நிரப்பவும் என்று அடியில் அச்சிட்டிருந்தது.

"தட்டச்சுப் பிழைன்னு போட்டுருலாண்ணா. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. உங்க பென்ஷனுக்கு எதுக்கு வம்பு?"

தட்டச்சுப் பிழை. நல்ல பெயர், பட்டியலில் பொறுக்கியது போல. யாருக்கும் வலிக்காது.

பேனாவை எடுத்து, என் பெயரையும் பழைய பதவியையும் எழுதினேன். கீழே: "மருத்துவர் பென்சிலில் எழுதிய ஊகத்தை, அவரைக் கேட்காமல், பேனாவால் உறுதி செய்தேன். மறுபடி விசாரிக்கச் சொன்ன குறிப்பை அழித்தேன். நோயாளியின் கணவர் கொண்டுவந்த குறிப்பை வாங்க மறுத்தேன்." கட்டம் போதவில்லை. ஓரத்திலும் எழுதினேன்.

ஜெயமணி தழும்பேறிய கையால் தாளை இழுத்து, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். கையெழுத்துப் போட்டாள். என் பக்கம் தள்ளினாள்.

"இதையாச்சும் ரப்பர் போட்டு அழிச்சுராதீங்க சார்."